கியர் பெட்டிக்கும் பொருத்தம் பார்க்கணும்!

ஜாதகப் பொருத்தம் பார்ப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. கியர் பெட்டிக்குப் பொருத்தம் பார்த்த வீடு இந்த ஆம்பூரில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. காலையில் இட்லிப் பானையை இறக்கும்போது ஆரம்பித்தால், ராத்திரி வாசல் கதவைத் தாளிடும் வரை 'டிரான்ஸ்ஆக்ஸில், டிரான்ஸ்ஆக்ஸில்' என்று ஒரே ஜபம்தான். முதலில் இது ஏதோ மருந்துப் பேர் என்றுதான் நினைத்தேன்!

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, இங்கே ஒரு ஷூ கம்பெனியில் மெஷின்களைப் பழுது பார்க்கிறான். அவனும் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, எங்கள் கொல்லையில் இருக்கிற தகரக் கொட்டகையில் சொந்தமாக ஒரு கார் கட்டுகிறார்கள். சாதாரணக் கார் இல்லை, ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே ஸீட். என்ஜின் மற்ற கார்களைப் போல முன்னால் இருக்காதாம். ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால், நடுவாந்தரமாக உட்கார்ந்திருக்குமாம். 'மிட் என்ஜின்' என்கிறார்கள்.

"ஏண்டா, முன்னாடி வெச்சா என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்டேன்.

"குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரும்பறது சுலபமாம்மா? இல்லே, ஒரு வாளியைக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பறது சுலபமா?" என்றான். புரிந்துவிட்டது. கனம் உடம்போடு ஒட்டி நடுவில் இருந்தால் சட்டென்று திரும்பலாம். எட்டி இருந்தால் அது நம்மையே இழுத்துக்கொண்டு போகும்.

இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டம் கட்டும் வரைக்கும் அவர்கள் மூவர் சம்பளத்திலேயே வேலை நடந்தது. என்ஜினும் கியரும் வாங்க வேண்டிய கட்டம் வந்தபோதுதான் என்னிடம் வந்தான். என்னிடம் இருந்தது சீட்டுப் பணம். அது எப்படி வந்த பணம் என்று எங்கள் பக்கத்துச் சகோதரிகளுக்குச் சொல்லவே வேண்டாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை, அதாவது 'அப்பரை', வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுப்பது பல பெண்களுக்கு உண்டு. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊசி குத்திக் குத்தி விரல் காய்ப்புக் காய்த்துத்தான் அந்தச் சீட்டைக் கட்டி முடித்தேன்.

வீட்டுக்காரருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அவர் முப்பது வருஷம் தோல் ஷாப்பில் டிரம் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் மோட்டார் சைக்கிளைக் கண்டபடி மாற்றிப் பண்ணிக்கொண்டு பெங்களூர் ஹைவேயில் விழுந்து காலை இழந்ததை நேரில் பார்த்தவர். "ரோட்டுல ஓட்ட முடியாத வண்டிக்கு வீட்டுக் காசைக் கொட்டறான்" என்று ஒரு நாள் சொன்னார். அதற்கப்புறம் மகனோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி!

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவான வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்து தீர்ப்புக் கொடுத்தது. புதிதாக ஒரு வண்டியைக் கட்டி ரோட்டுக்குக் கொண்டு வரவேண்டுமென்றால், பூனாவில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் மாதிரியைக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். கம்பெனிக்காரர்களுக்கே பெரிய செலவு அது. ஆகையால் இந்தக் கார் பந்தயத் தளத்துக்குள்தான் ஓடும். லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ஓட்டிவிட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். மகனே இதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னான்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "பணம் தரேன். ஆனா எதுக்குத் தரேன்னு எனக்குப் புரியணும். புரியாத சாமானுக்கு ஒரு பைசா கிடையாது."

அதற்கப்புறம் ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாடு ஆனதும் எனக்குப் பாடம் நடந்தது. நான் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன்.

என்ஜின் ஓடுவது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று. சக்கரத்துக்கு அவ்வளவு வேகம் ஆகாது. மாருதி 800 காரின் சின்னச் சக்கரம் டயரோடு ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 1.6 மீட்டர் போகும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிஷத்துக்கு 1,000 மீட்டர். அப்படியானால் சக்கரம் சுற்ற வேண்டியது நிமிஷத்துக்குச் சுமார் 625 தடவை. அந்த நேரத்தில் என்ஜின் 5,000 சுற்றில் இருந்தால், எட்டுச் சுற்றை ஒரு சுற்றாகக் குறைத்துக் கொடுக்க ஒருத்தர் வேண்டும். வேகம் குறையும்போது இழுக்கிற பலம் கூடும். அந்த வேலையைச் செய்வதுதான் கியர் பெட்டி.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கும்மி அடிக்கும்போது உள்வட்டத்தில் நிற்பவர்கள் மெதுவாக நடந்தால் போதும். வெளிவட்டத்துக்காரர்கள் ஓட்டமாய் ஓட வேண்டும். கார் திரும்பும்போதும் அதே கதைதான். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு வட்டம் அடிக்கும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏழரை மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டிவிட்டால் டயர் தரையில் தேய்ந்து இழுபடும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிட்டு, பலத்தையும் பங்கு போட்டுக் கொடுப்பது 'டிஃபரன்ஷியல்'.

அம்பாஸடர், பத்மினி கார்களில் கியர் பெட்டி முன்னால் இருக்கும். டிஃபரன்ஷியல் பின் அச்சில் இருக்கும். நடுவில் நீளமாக ஒரு தண்டு சுற்றிக்கொண்டு போகும். இந்த இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிவிட்டால் அதுதான் டிரான்ஸ்ஆக்ஸில். என்ஜினையும் சக்கரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற வண்டிக்கு நீளத் தண்டுக்கு இடமே கிடையாது. அதனால் இதுதான் வேண்டும்.

"இதென்ன அதிசயம் அக்கா! நம்ம ஆட்டோவிலேயே இருக்குதே!" என்று சிரித்தார் மெக்கானிக் பாய். எங்கள் தெருக் கோடியில் அவருக்குப் பட்டறை. உண்மைதான். ஆட்டோவில் பின்னாலேயே என்ஜின், அதோடு ஒட்டி கியரும் டிஃபரன்ஷியலும், இரண்டு பக்கமும் சின்னத் தண்டு. தினமும் அதில் ஏறி மார்க்கெட் போய் வருகிறோம், பேர்தான் தெரியாது!

சரி, எதை வாங்குவது? மகன் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தான். புடவைக் கடையில் ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்ப்பது போல நாங்களும் பார்த்தோம்.

முதலாவது, வெளிநாட்டுச் சரக்கு. மேல்நாடுகளில் வீட்டில் கார் கட்டுகிறவர்கள் ரொம்ப காலமாக ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் டிரான்ஸ்ஆக்ஸிலை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் மைக் ஹியூலாண்ட் என்பவர் அந்தப் பீட்டில் கூட்டை வைத்துத்தான் பந்தயக் கார்களுக்குக் கியர் பெட்டி செய்ய ஆரம்பித்து, பிறகு உலகப் புகழ் பெற்றார். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. பீட்டிலில் என்ஜின் டிரான்ஸ்ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் என்ஜின் வைக்கிற காரில் அது முன்னால் வரவேண்டும். அப்படியே திருப்பி மாட்டினால் சக்கரம் எதிர்ப்பக்கமாய்ச் சுற்றும். நாலு ரிவர்ஸ் கியர், முன்னால் போக ஒரே ஒரு கியர்! உள்ளே இருக்கிற பெரிய பல் சக்கரத்தைக் கழற்றி மறுபக்கமாக மாற்றிப் போட்டால்தான் சரியாகும். 1966-இல் வந்த லோட்டஸ் யூரோப்பா காரில், ரெனோ 16 காரின் என்ஜினையும் பெட்டியையும் திருப்பி வைத்தபோது லோட்டஸ் கம்பெனியும் இதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. எப்படியோ, கப்பலில் வந்து சுங்கமும் கட்டி ஆம்பூருக்கு வந்து சேருவதற்குள் லட்சக்கணக்கில் ஆகிவிடும். ஒரு பல் உடைந்தால் மறுபடியும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

இரண்டாவது, மோட்டார் சைக்கிள் என்ஜின். வேலூர் வி.ஐ.டி.யில் 'பிரவேகா ரேஸிங்' என்று மாணவர் குழு ஒன்று உண்டு. இப்படிக் கல்லூரிப் பிள்ளைகள் கட்டுகிற ஃபார்முலா வண்டிகளில், பெட்ரோல் வண்டியானால் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் என்ஜின்தான். அதிலேயே கியர் இருக்கிறது. பின்னால் ஒரு செயின், தனியாக ஒரு டிஃபரன்ஷியல் போட்டுவிட்டால் போதும். கனம் குறைவு. ஆனால் ஒற்றை ஆள் பந்தய வண்டிக்கு அது சரி. இரண்டு பேர் உட்காரும் காரை இழுத்தால் அதன் கிளட்ச் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார் பாய். ரிவர்ஸ் கியரும் கிடையாது. கொட்டகைக்குள் விட்ட வண்டியைத் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும்!

மூன்றாவது, டாடா நானோ. 2009 முதல் 2018 வரை வந்த அந்தக் காரில் என்ஜின் பின்னாலேயே இருக்கிறது. திருப்புகிற தலைவலி இல்லை. 624 சி.சி., இரண்டு சிலிண்டர். ஆனால் மகனுக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை. இரண்டு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நண்பர்கள் சிரிப்பார்களாம். பாயும், நானோ சாமான் நம் பக்கம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது என்றார்.

நாலாவதுதான் சூட்சுமமான வழி. முன் சக்கரம் இழுக்கிற கார்களில் என்ஜின், கியர், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கட்டாக, குறுக்குவாட்டில், முன்னால் இருக்கும். அந்தக் கட்டை அப்படியே, திருப்பாமல், ஓட்டுகிறவருக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டால்? முன்னால் இழுத்தது பின்னாலிருந்து தள்ளும், அவ்வளவுதான். திசை மாறாது. இத்தாலிக்காரர்கள் 1972-இல் ஃபியட் எக்ஸ் 1/9 என்ற காரையும், ஜப்பான்காரர்கள் 1984-இல் டொயோட்டா எம்.ஆர். 2 என்ற காரையும் இப்படித்தான் செய்தார்கள். இரண்டிலும் சாதாரணக் குடும்பக் காரின் சாமான்தான்.

இந்த வழிதான் என்று முடிவானதும் அடுத்த சண்டை வந்தது. மாருதி 800-ஆ, ஸ்விஃப்டா?

மகன் மனசு முழுக்க ஸ்விஃப்ட். 2005-இல் வந்த 1,300 சி.சி. ஸ்விஃப்டின் சக்தி ஏறக்குறைய 87 குதிரை. ஐந்து கியர். 800-க்கோ சுமார் 37 குதிரைதான். "அம்மா, 37-ஐ வெச்சு என்ன பண்றது? வண்டி நடக்கும்மா, ஓடாது" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மூன்று வருஷமாக அவன் கண்ட கனவு. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

"கியர் பெட்டியை ஸ்விஃப்ட்ல வாங்கிட்டு, என்ஜினை இப்போதைக்கு 800 போட்டுக்கலாமே?" என்று ஒரு சிநேகிதன் யோசனை சொன்னான். அப்போது நான் வாயைத் திறந்தேன். "இதோ பாருங்கப்பா, எனக்கு என்ஜின் தெரியாது. ஷூ தெரியும். ஒரு லாஸ்ட்டுக்குத் தெச்ச அப்பரை வேற லாஸ்ட்டோட சோலுல ஒட்ட முடியாது. இழுத்துப் பிடிச்சு ஒட்டினாலும் நாலு நாள்ல வாயைப் பொளந்துடும். அதேபோலத்தானே இதுவும்?" ஷூவுக்கு அச்சாக வைக்கிற கால் வடிவத்தைத்தான் இங்கே லாஸ்ட் என்போம்.

பாய் கையைத் தட்டினார். "அக்கா சொன்னதுதான் சரி!" என்ஜினும் பெட்டியும் சேருகிற முகத்தில் போல்ட் ஓட்டைகள் ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு மாடலுக்கும் வேறு மாதிரி இருக்குமாம். நடுவில் ஒரு இரும்புத் தகடு கடைந்து சேர்க்கலாம். ஆனால் என்ஜின் தண்டும் பெட்டித் தண்டும் மயிரிழை விலகினாலும் பேரிங் போய்விடும், கிளட்ச் உதறும். அதனால் என்ஜின், பெட்டி, கிளட்ச், இரண்டு பக்கத் தண்டு, சக்கரக் குடம் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து, ஒரே ஜோடியாக வரவேண்டும் என்று தீர்மானமாயிற்று.

அப்படியானால் 800 முழு செட்டா, ஸ்விஃப்ட் முழு செட்டா? நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். மளிகைக் கணக்குப் போடுகிற மாதிரிதான். காருக்கு என்னென்ன பாக்கி என்று கேட்டேன். நாலு சக்கரத்துக்கும் நல்ல டிஸ்க் பிரேக். தலைக்கு மேலே வளைவுக் குழாய். தோளிலும் இடுப்பிலும் கட்டுகிற பந்தய பெல்ட். ஹெல்மெட். தீயணைப்பான். ஸ்விஃப்ட் செட் வாங்கினால் என் சீட்டுப் பணம் அதிலேயே கரைந்துவிடும். பிரேக்குக்குக் கடன்தான் வாங்க வேண்டும். 800 செட் வாங்கினால் பாதிக்கு மேல் மிச்சம்.

இத்தனை நாளும் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போது பேசினார். மகனைப் பார்த்தல்ல, பேப்பரைப் பார்த்துத்தான்! "எங்க ஷாப்புல மோட்டார் நிமிஷத்துக்கு 1,440 சுத்து. டிரம்மு பத்து, பன்னெண்டு சுத்து. ரெண்டு டன் தோலும் தண்ணியுமா அந்த டிரம்மை ஓட வைக்கறது பெரிசில்லே. நிறுத்தறதுதான் பெரிசு. நிறுத்தத் தெரியாதவன் ஓட்டக் கூடாது."

மகன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் ஸ்விஃப்ட் என்று எழுதியிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனசைத் தேற்றியது கோயமுத்தூர்க்காரர் ஒருவருடைய கதை. எஸ். கரிவர்தன் என்பது அவர் பேர். கார்ப் பந்தயம் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டு வண்டிகளுக்கும்தான் என்றிருந்த காலத்தில், இங்கேயே கிடைக்கிற சாமானை வைத்து மலிவாகப் பந்தய வண்டி கட்டலாம் என்று காட்டியவர் அவர். 1988-இல் 'ஃபார்முலா மாருதி' வந்தது. குழாய்ச் சட்டம், ஒற்றை ஸீட், ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் சாட்சாத் அதே மாருதி 800 என்ஜினும் அதன் கியர் பெட்டியும்! ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் பந்தயத் தளம் திறந்தபின் அந்த வண்டிகள் அங்கே சீறிக்கொண்டு ஓடின. 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆனாரே நரேன் கார்த்திகேயன், அவர் ஆரம்ப காலத்தில் ஓட்டிப் பழகியதும் ஃபார்முலா மாருதிதான். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் காலமாகிவிட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தளத்துக்கு அவர் பேரைத்தான் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று வைத்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கான 'ஃபார்முலா பாரத்' போட்டியும் அங்கே நடந்திருக்கிறது.

"நரேனுக்கே போதுமா இருந்தது உனக்குப் போதாதாடா?" என்றேன். சிரித்துவிட்டான். அதோடு பாய் ஒரு நியாயம் சொன்னார். 800 காரின் கனம் சுமார் 650 கிலோ. இவர்கள் வண்டியில் கதவு இல்லை, பின் ஸீட் இல்லை, கண்ணாடி இல்லை. இன்னும் கனம் குறையும். அதே 37 குதிரை குறைந்த பாரத்தை இழுத்தால் துள்ளித்தானே ஓடும்!

பிறகென்ன, ஒரு நாள் விடிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் மகனும் பாயும் நானும் சென்னைக்குக் கிளம்பினோம். புதுப்பேட்டை! பழைய கார் சாமான்களுக்குப் பேர் போன இடம். தெருவெல்லாம் என்ஜின் மலை, கதவு மலை. நான் ஒருத்திதான் அங்கே புடவை. முதல் கடையில் ஒரு வண்டியின் என்ஜினையும் வேறு ஒரு வண்டியின் பெட்டியையும் காட்டி, "எல்லாம் சேரும் சார், எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பாய் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார். மூன்றாவது கடையில்தான் பின்னால் இடிபட்ட ஒரு 800-இலிருந்து முழு செட்டும் கழற்றாமல் கிடைத்தது. முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

பெண் பார்க்கப் போனால் நடக்கச் சொல்லி, பாடச் சொல்லிப் பார்ப்பார்களே, அதுபோல பாய் அந்தப் பெட்டியைப் பார்த்தார். அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் பிடித்தார். விரலில் தேய்த்தார். காந்தத்தைப் போட்டு எடுத்தார். மெல்லிய கரும்பொடி ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானமாம். பளபளவென்று தகடு தகடாக வந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டுத் தண்டைக் கையால் சுற்றினார், கடகடவென்கிறதா, ஒரே சீராய் இருக்கிறதா என்று. ஒரு பக்கத் தண்டைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்றி டிஃபரன்ஷியலைப் பார்த்தார். தண்டை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் பார்த்தார். நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். என்ஜின் நம்பரைக் காட்டச் சொல்லி, அந்த நம்பரோடு பில் போட்டுக் கொடுங்கள் என்றேன். திருட்டு வண்டிச் சாமானாக இருந்துவிட்டால் போலீஸ் நம் வாசலுக்கல்லவா வரும்? கடைக்காரர் கொஞ்சம் முணுமுணுத்தாலும் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் இன்னும் நாலு வேலை இருந்தது. அதைச் சொன்னால்தான் பொருத்தம் என்றால் என்ன என்பது முழுசாகப் புரியும்.

இந்தக் கட்டு முன்னால் இருந்தபோது சக்கரம் ஸ்டியரிங்கோடு திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் போனபின் திரும்பவே கூடாது. அதனால் ஸ்டியரிங் தண்டு மாட்டுகிற கையை இரும்புத் தண்டால் சட்டத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். அது தளர்ந்தால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், ஆளையே விழுங்கிவிடும்.

பெட்டி ஓர் ஓரமாக இருப்பதால் இரண்டு பக்கத் தண்டும் நீளத்தில் வித்தியாசம். அதை வெட்டி ஒட்டாமல் இருக்க, காரின் பின் அகலத்தை 800-இன் முன் அகலத்துக்கே சரியாக வைத்தார்கள்.

கியர் போடுகிற கம்பி முன்னே இருந்து பின்னே போக வேண்டும். நடுவில் நெளிந்தால் மூன்றாவது கியருக்குப் பதில் முதல் கியர் விழும். அதற்காக நேரான குழாயும் நல்ல மூட்டும் போட்டார்கள்.

கடைசியாகச் சக்கரம். மகன் அழகுக்காகப் பின்னால் பெரிய 15 அங்குலச் சக்கரம் கேட்டான். 195/50 டயரோடு அது ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் போகும். பழைய சக்கரத்தைவிட எட்டில் ஒரு பங்கு அதிகம். கியரை மாற்றாமலேயே எல்லாக் கியரும் கொஞ்சம் நீண்டுவிடும். கிளம்பும்போது இழுவை குறையும். "37 குதிரைக்குப் பெரிய செருப்பு எதுக்குடா?" என்று அவன் அப்பாவே கேட்டார். இந்தத் தடவை பேப்பரைப் பார்த்தல்ல, மகன் முகத்தைப் பார்த்து! சின்னச் சக்கரம் என்று முடிவாயிற்று.

இப்போது தினமும் சாயங்காலம் அவரும் கொட்டகைக்குப் போகிறார். சம்மதித்துவிட்டேன் என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "அந்த போல்ட்டுக்கு லாக் வாஷர் போட்டியா?" என்று கேட்கிறார். அவனும் "போட்டேம்ப்பா" என்கிறான். எனக்குத் தபால் வேலை மிச்சம்.

கார் இன்னும் முடியவில்லை. முடிந்தாலும் தளத்தில், பெல்ட்டும் ஹெல்மெட்டும் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது பேச்சு. பயம் எனக்கு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பெற்ற வயிறு அப்படித்தான். ஆனால் எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர்ந்து சுற்றுகிறது, எந்தக் கம்பி எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று தெரிந்த பயம் வேறு, ஒன்றும் தெரியாமல் வாசலில் நின்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிற பயம் வேறு.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கார் கட்டாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர் கேட்பார்கள், தையல் மெஷின் கேட்பார்கள், பட்டறைக்கு மோட்டார் கேட்பார்கள். "நமக்கு அதெல்லாம் என்ன தெரியும்" என்று பணத்தை நீட்டிவிட்டோ, முடியாது என்று சொல்லிவிட்டோ நகர வேண்டாம். நாம் பாத்திரக் கடையிலும் புடவைக் கடையிலும் கேட்கிற கேள்விகளையே அங்கேயும் கேட்கலாம். எந்த வேலைக்கு இது? எதோடு ஜோடி சேரும்? கெட்டால் நம் தெருவில் யார் சரி செய்வார்? இதை வாங்கினால் வேறு எதற்குப் பணம் இல்லாமல் போகும்? இந்த நாலுக்கும் பிள்ளை நேராகப் பதில் சொன்னால், தாராளமாகக் கொடுங்கள். எனக்குச் சீட்டில் மிச்சமானது இப்போது மூட்டையோடு மூட்டையாய்க் கொட்டகையில் இருக்கிறது. பிரித்துப் பார்த்தேன், நாலு சக்கரத்துக்கும் பிரேக்!